திங்கட்கிழமைகளில் வராத பையன்

அவன் பள்ளியை விட்டுப் போனது எனக்குத் தெரியாது. வகுப்பாசிரியர் நான்தான். தினமும் காலையில் பெயர் கூப்பிட்டதும் நான், வராதவர்களுக்கு ஆப்சென்ட் போட்டதும் நான். ஆனாலும் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் அவன் பெயர் இல்லாததைப் பார்த்த பிறகுதான், "இவன் எங்கே?" என்று கேட்டேன். பக்கத்து மேசை ஆசிரியர் திருப்பிக் கேட்டார்: "யார் அவன்?"

மூன்று ஆண்டுகள் அதே கட்டிடத்தில் படித்த பையன். வம்பு தும்புக்குப் போகாதவன். தேர்ச்சி மதிப்பெண்ணுக்குக் குறைந்து வாங்கியதில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்வான். கேட்காவிட்டால் சும்மா இருப்பான். தொல்லை கொடுக்கும் பிள்ளைகளின் பெயர் ஆசிரியர்களுக்கு முதல் வாரத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும். முதல் மதிப்பெண் வாங்குபவர்களின் பெயரும் அப்படியே. நடுவில் இருப்பவன் போனால் நாற்காலி ஒன்று மிச்சமாகிறது, அவ்வளவுதான்.

பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து அவன் வரிசையில் விரலை ஓட்டினேன். முதல் பருவத்தில் சில திங்கட்கிழமைகள் மட்டும் இல்லை. இரண்டாம் பருவத்தில் திங்களோடு செவ்வாயும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் பருவத்தில் தொடர்ந்து ஏழு நாள். அதன் பிறகு இரண்டு நாள் வந்திருக்கிறான். பிறகு இல்லவே இல்லை. தேர்வுக்கான விடுமுறை நெருங்கிவிட்டதால், 'பரீட்சைக்கு வந்துவிடுவான்' என்று நினைத்து நானும் விட்டிருக்கிறேன். எல்லாம் என் கையெழுத்து, என் பேனா. நானே எழுதி வைத்த கதையை நானே படிக்கவில்லை. பதிவேட்டை நாம் மேலிருந்து கீழாக எழுதுகிறோம்: இன்று யார் யார் வரவில்லை என்று. ஆனால் ஒரு பிள்ளை விலகிப் போவது இடமிருந்து வலமாகத்தான் தெரியும். அப்படி யாரும் படிப்பதில்லை.

அன்று தொடங்கிய பழக்கம் இது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்ததும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, பதிவேட்டை இடமிருந்து வலமாகப் படிப்பேன். தனியாக ஒரு நோட்டு. வேறு எந்தக் கருவியும் கிடையாது. பிற்பாடு பள்ளியில் கணினிப் பதிவு வந்தபோதும் நோட்டை விடவில்லை. கணினி எல்லாவற்றையும் வைத்திருக்கும், ஆனால் நாமாகக் கேட்டால்தான் சொல்லும்.

சராசரியை நம்பி ஏமாந்த காலமும் உண்டு. என் வகுப்பின் வருகை 93 சதவீதம் என்று மாதாந்திரக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கணித ஆசிரியனான நானே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 40 பேர் வகுப்பில் 35 பேர் 97 சதவீத நாட்கள் வருகிறார்கள், 5 பேர் 70 சதவீதம்தான் வருகிறார்கள் என்று வையுங்கள். சராசரி 93 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் என்றால் அந்த ஐவரும் ஆளுக்கு 54 நாள் வகுப்பில் இல்லை. கூட்டத்தில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்க, ஐந்து பேர் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆய்வாளர்கள் பலர் 10 சதவீதத்தைக் கோடாக வைத்திருக்கிறார்கள். 180 நாளில் 18 நாள் வராமல் போனால் அதை நாள்பட்ட வருகையின்மை என்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு நாள். கேட்பதற்கு எவ்வளவு சின்னதாக இருக்கிறது பாருங்கள். மாதம் இரண்டு நாள் வராத பிள்ளையைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அதனால்தான் நான் ஆண்டு முடியும்வரை காத்திருப்பதில்லை. முதல் மாதத்தில் இரண்டு நாள் வராதவர்களின் பெயர் அந்த மாதமே நோட்டில் ஏறிவிடும். அதில் பாதிப் பெயர்கள் தேவையில்லாமல் ஏறியவையாக இருக்கும், உண்மையாகவே காய்ச்சலாக இருந்திருக்கும். பரவாயில்லை.

நோட்டில் வருகை மட்டும் போதாது என்பது பிறகு வாசித்தபோது தெரிந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ராபர்ட் பால்ஃபான்ஸும் உடனிருந்தவர்களும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 80 சதவீதத்துக்கும் குறைந்த வருகை, கணிதத்தில் தோல்வி, ஆங்கிலத்தில் தோல்வி, வகுப்பிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பப்படும் அளவுக்கு நடத்தைப் புகார் என இந்த நான்கில் ஒன்று ஆறாம் வகுப்பிலேயே தென்பட்டால், அந்தப் பிள்ளை உரிய காலத்தில் பள்ளியை முடிப்பது அரிது என்று கண்டார்கள். ஆறாம் வகுப்பில்! நாமோ பன்னிரண்டாம் வகுப்பில் வந்து, 'இவனுக்குத் திடீரென்று என்ன ஆயிற்று?' என்கிறோம்.

சிகாகோவில் எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005இல் சொன்னது இன்னும் நேரடியானது. ஒன்பதாம் வகுப்பைத் தேவையான பாடங்களோடு, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாமல் முடித்தவர்களில் 81 சதவீதம் பேர் நான்கு ஆண்டில் பள்ளியை முடித்தார்கள். அப்படி முடிக்காதவர்களில் 22 சதவீதம் பேர் மட்டுமே. அவர்களுடைய அடுத்த ஆய்வில் இருந்ததைத்தான் என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை தோற்குமா என்பதை முந்தைய ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணைவிட எட்டு மடங்கு தெளிவாக வருகை காட்டுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை இரண்டு வாரம் வராமல் போனால், ஒரு வாரம் மட்டும் வராத சுமார் பிள்ளையைவிட அதிகப் பாடங்களில் தோற்கிறது. 'அவன் மூளைக்காரன், எப்படியும் பிடித்துக்கொள்வான்' என்ற பேச்சை அதன் பிறகு நான் விட்டுவிட்டேன்.

ஆக, நோட்டில் மூன்று பத்தி: வராத நாள், தோற்ற பாடம், வந்த புகார். மூன்றிலும் குறி விழுந்த பெயரைச் சிவப்பு மையில் சுற்றுவேன். அந்த ஆண்டு அந்தப் பெயர் என் பொறுப்பு.

பெயரைச் சுற்றிவிட்டேன், சரி. அப்புறம்? முதல் ஆண்டு நான் செய்தது அறிவுரை. மாணவனைத் தனியே கூப்பிட்டு, படிப்பின் அருமை, எதிர்காலம், பெற்றோரின் கஷ்டம் என்று இருபது நிமிடம். அவன் தலையை ஆட்டினான். நானும் திருப்தியாக எழுந்தேன். அடுத்த திங்கட்கிழமை அவன் வரவில்லை. படிப்பு நல்லது என்பது அவனுக்குத் தெரியாததால் அவன் வராமல் இருக்கவில்லை என்ற எளிய விஷயம் எனக்குப் புரியவே ஓராண்டு ஆனது.

கேள்வியும் தவறாக இருந்தது. "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "காய்ச்சல் ஐயா." அது போலீஸ் விசாரணைக்குச் சொல்லும் பதில். மாற்றிப் பார்த்தேன். "நேற்று உன்னைக் காணோமே. நாம் போட்ட நான்கு கணக்கையும் உனக்காக எழுதி வைத்திருக்கிறேன், மதியம் வாங்கிக்கொள்." அவ்வளவுதான், காரணம் கேட்பதில்லை. முதல் முறை ஒன்றும் நடக்காது. இரண்டாம் முறையும். பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது முறை, தாளை வாங்கிக்கொண்டு நகராமல் நிற்பார்கள். அப்போது எதையாவது அடுக்கிக்கொண்டு, பார்க்காமல் நிற்க வேண்டும். தானாக வரும்.

அப்படி நின்ற ஒரு மாணவியின் கதையைச் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள். வந்த நாட்களில் ஒழுங்காகப் படிப்பாள். காரணம் இதுதான்: தம்பியை அவனுடைய பள்ளியில் விட்டுவிட்டு வர வேண்டும், இரண்டு பள்ளிக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். தம்பி சொன்ன பேச்சுக் கேட்டால் ஓடி வந்து சேர்ந்துவிடுவாள். அடம் பிடிக்கும் நாட்களில் பதினைந்து நிமிடம் தாமதம். எங்கள் பள்ளியில் தாமதமாக வந்தால் முதல் பீரியட் முழுக்க வெளியே நிற்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண், வராந்தாவில், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க. அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். பதினைந்து நிமிடத்தைக் காப்பாற்றப் போட்ட விதி ஒரு நாள் முழுவதையும் தின்றுகொண்டிருந்தது.

அந்த முதல் பீரியட் என் கணக்கு வகுப்பு. வராத நாட்களில் மட்டுமல்ல, தாமதமாக வந்து வெளியே நின்ற நாட்களிலும் போனது அதுதான். அதனால் கணக்கில் மட்டும் அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். நானோ குறிப்பேட்டில் 'கணிதத்தில் கவனம் தேவை' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் தாமதமாக வருவார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு பருவத்துக்கு மட்டும் பரிசோதனையாக இரண்டு மாற்றங்கள் செய்தோம்: தாமதமாக வருபவர்கள் நேரே உள்ளே வந்து, கதவருகே இருக்கும் நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு உட்கார வேண்டும், எங்கள் பிரிவின் கணக்கு மூன்றாம் பீரியடுக்கு, விளையாட்டு முதல் பீரியடுக்கு. எல்லோரும் தாமதமாக வந்துவிடவில்லை. சிலர் வந்தார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அந்தப் பருவத்தில் வராமல் இருந்தது மொத்தம் மூன்று நாள்.

விதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதிலும் வராமல் போனதற்குத் தண்டனையாக 'மூன்று நாள் வராதே' என்று அனுப்பும் பழக்கம் ஒன்று இருக்கிறதே! தாகம் என்று வந்தவனைத் தண்ணீர்ப் பந்தலை விட்டுத் துரத்துவது போல. அந்த மூன்று நாளில் அவன் என்ன கற்றுக்கொள்வான்? பள்ளி இல்லாமலும் பொழுது போகும் என்பதை.

வீட்டுக்குப் போன் செய்வதிலும் நான் தேறியது தாமதமாகத்தான். பள்ளியிலிருந்து போன் வந்தால் புகார்தான் என்று பெற்றோர் பழகிவிட்டார்கள். எடுக்கவே மாட்டார்கள். எனவே பருவத் தொடக்கத்தில், ஒன்றும் கெடாதபோதே, ஒரு முறை பேசிவிடுவேன். "அம்மா, வகுப்பாசிரியர் பேசுகிறேன். ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். பையன் நேற்று ஒரு கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்னான். அதைச் சொல்லத்தான்." மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இருக்காது. "அவ்வளவுதானா ஐயா?" என்பார்கள். அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து, 'இந்த மாதம் ஐந்து நாள் வரவில்லை' என்று சொல்ல வேண்டி வரும்போது அந்த அம்மா போனை எடுப்பார்.

எண்ணிக்கையைச் சொல்வதும் முக்கியம். பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்று கேட்டால், பெற்றோர் உண்மையில் பாதியைத்தான் சொல்கிறார்கள். மறைக்கவில்லை, ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று போனதை யார் கூட்டி வைத்திருப்பார்கள்? டாட் ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர், ஃபிலடெல்ஃபியாவிலேயே, பெற்றோருக்கு 'உங்கள் பிள்ளை இதுவரை இத்தனை நாள் வரவில்லை' என்று மொத்த எண்ணிக்கையைக் கடிதமாக அனுப்பிப் பார்த்தார். நாள்பட்டு வராதவர்கள் 10 சதவீதம் அளவுக்குக் குறைந்தார்கள். திட்டாமல், பயமுறுத்தாமல், வெறும் எண். நாங்களும் மாதம் ஒரு சீட்டு அனுப்புகிறோம். விறைப்பான அலுவலக நடையை எடுத்துவிட்டு இரண்டே வரியில் எழுதுகிறோம்.

இனி, தோற்ற பாடம். பள்ளியை விட்டுப் போகிறவர்களில் பலருக்குப் போகும் காரணம் ஒரே ஒரு பாடம். பெரும்பாலும் என் பாடம்.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன், இயற்கணிதத்தில் தொடர்ந்து தோல்வி. சிறப்பு வகுப்பில் உட்காரவைத்து அதே இயற்கணிதத்தை இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக நடத்தினேன். பயனில்லை. ஒரு நாள் அவன் போட்ட கணக்கை வரிக்கு வரி பார்த்தபோது, நடுவில் 1/3 + 1/5 = 2/8 என்று இருந்தது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். "இதை எப்போதிலிருந்து இப்படிப் போடுகிறாய்?" என்றேன். "எப்போதுமே இப்படித்தான் ஐயா." அவனுடைய விடைத்தாளில் நான்கு ஆண்டுகளாக யாரோ ஒருவர் அந்த வரிக்குத் தவறு என்று குறி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறார். கடைசி இரண்டு ஆண்டு அந்த யாரோ ஒருவர் நான்.

ஒரே அளவுள்ள காகிதப் பட்டைகளை வெட்டி, ஒன்றை மூன்றாகவும் ஒன்றை ஐந்தாகவும் மடிக்கச் சொன்னேன். மூன்றில் ஒரு பங்குத் துண்டையும் ஐந்தில் ஒரு பங்குத் துண்டையும் ஒட்டி வைத்தான். அரைப் பட்டையைத் தாண்டியது. இரண்டின் கீழ் எட்டு என்றால் காலே ஆகும் அல்லவா? துண்டுகளைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். "அப்படியென்றால் இவ்வளவு நாள்..." என்று நிறுத்திக்கொண்டான். தினம் இருபது நிமிடம், பதினோரு நாள், பின்னம் மட்டும். அதன் பிறகும் இயற்கணிதம் தானாக வந்துவிடவில்லை, இரண்டு மாதம் தட்டுத் தடுமாறினான். ஆனால் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை.

தோற்ற பாடத்தை ஆண்டு முடியும்வரை ஊறப்போடக் கூடாது என்பது இதில் நான் கற்றது. தோற்ற பகுதியை மட்டும், தோற்ற சில வாரங்களிலேயே, மறுபடி எழுத வழி செய்ய வேண்டும். ஒரு பாடத்துக்காக முழு ஆண்டையும் திரும்பப் படிக்கவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே வகுப்பில் மறுபடி உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளே பாதியில் அதிகம் போகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. தன்னைவிட உயரத்தில் ஒரு சாண் குறைந்தவர்களோடு உட்காருவது எப்படி இருக்கும் என்று அந்தப் பையன்களைக் கேட்க வேண்டும்.

இன்னொரு சின்ன வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் அரைத்தாள். ஒரு பக்கம் முடித்த பாடங்கள், செய்முறைகள். மறு பக்கம் பள்ளியை முடிக்க இன்னும் தேவைப்படுபவை. அவரவர் கையால் நிரப்ப வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பேர், ஏதோ ஒன்று விடுபட்டிருப்பதை அப்போதுதான் கண்டுபிடிப்பார்கள். வேறு பள்ளியிலிருந்து மாறி வந்தவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள். பிள்ளை வந்து சேர்ந்திருக்கும், காகிதம் வந்து சேர்ந்திருக்காது.

அந்த முதல் பையனைப் பற்றி "யார் அவன்?" என்று கேட்ட ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் எல்லா மாணவர்களின் பெயரையும் சுவரில் ஒட்டினோம். தனக்கு நன்றாகத் தெரிந்த, தானாக வந்து பேசும் பிள்ளையின் பெயருக்கு நேரே ஒவ்வொருவரும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். சில பெயர்களில் ஒன்பது பத்துப் புள்ளி. சில பெயர்கள் வெள்ளையாக நின்றன. யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெயர்களைப் பங்கு போட்டுக்கொண்டோம், ஆளுக்கு மூன்று. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990 வாக்கில் தொடங்கிய ஒரு திட்டத்தில், பொறுப்பேற்கும் பெரியவர் அந்தப் பிள்ளையோடு குறைந்தது இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அது சரியான விதி. ஒரு பருவம் அக்கறை காட்டிவிட்டுக் காணாமல் போவதற்கு, காட்டாமலே இருக்கலாம்.

இதெல்லாம் எல்லோரையும் நிறுத்திவிடாது. வீட்டில் வருமானம் நின்றுபோய், இரவு வேலைக்குப் போன ஒருவனை என்னால் நிறுத்த முடியவில்லை. காலையில் முதல் இரண்டு பீரியட் மேசையில் தலை வைத்துத் தூங்குவான், எழுப்பாமல் விட்டேன். நான் செய்ய முடிந்தது அவ்வளவே. பணத்தால் வரும் இடைநிற்றலுக்குப் பணம்தான் மருந்து. மெக்சிகோ 1997இல் தொடங்கிய உதவித் திட்டத்தில், பிள்ளைகள் தொடர்ந்து பள்ளிக்குப் போனால் தாய்மாருக்கு அரசே பணம் கொடுத்தது. மேல்வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக. பள்ளியில் சேர்ந்தவர்கள் கூடினார்கள், பெண்கள் இன்னும் அதிகமாக. ஆசிரியரின் அன்பு போதும் என்று மேடையில் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

அந்தத் திங்கட்கிழமைப் பையனைச் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தேன். பழைய மதிப்பெண் பட்டியலின் நகல் வாங்க அலுவலகத்துக்கு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னான்: "நான் விடவில்லை ஐயா. ஒரு செவ்வாய்க்கிழமை வந்தேன். ஐந்து நாளுக்கு மேல் வராவிட்டால் பெற்றோரோடுதான் வர வேண்டும் என்று வாசலில் சொன்னார்கள். அப்பா அப்போது ஊரில் இல்லை." ஏழு நாள் இடைவெளிக்குப் பிறகு வந்த அந்த இரண்டு நாளும் அம்மாவோடு வந்தானாம். மறுபடி ஒரு வாரம் போனது, அதன் பிறகு அம்மாவால் வேலையை விட்டு வர முடியவில்லை. அந்த விதிக்கான சுற்றறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இப்போது அந்த விதி இல்லை. நீண்ட நாள் கழித்து வருபவர்கள் முதலில் வகுப்புக்கு வருகிறார்கள். பெற்றோரிடம் நாங்கள் பிறகு பேசிக்கொள்கிறோம். வந்தவரிடம் விட்டுப்போன பாடங்களின் பட்டியல் போகும், அதில் முக்கியமான மூன்றை மட்டும் கோடிட்டிருப்போம். முப்பதையும் ஒரேயடியாகக் கொடுத்தால் மறுநாள் வரமாட்டார்கள். அவர்களுடைய இடத்தில் வேறு யாரையும் உட்காரவைக்க மாட்டோம்.

போன மாதம் ஒரு பெண் பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவருகே இருந்த நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு நின்றாள். நான் கரும்பலகையை விட்டுத் திரும்பவில்லை. திரும்பினால் நாற்பது பேரும் திரும்புவார்கள். அவள் நேரே தன் இடத்துக்குப் போய்ப் பையை வைத்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "இன்றைக்கு டெஸ்ட் ஏதாவது இருக்கிறதா?"

"நாளைக்குத்தான்" என்றேன் நான், சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல்.